கடலிலிருந்து கரைக்கு: நீர்நிலப் போர் என்றால் என்ன?

கப்பலில் வந்த படை எதிரியின் கரையில் இறங்கிச் சண்டை போடுவதுதான் நீர்நிலப் போர். படையில் ஆம்பிபியஸ் ஆபரேஷன் என்போம். வரையறை ஒரே வரியில் முடிந்துவிடும், ஆனால் போர்முறைகளிலேயே கடினமானது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன், ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ராணுவப் பின்னணி எதுவும் தேவையில்லை. கடலைப் பார்த்திருந்தால் போதும்.

நான் கடற்படையில் இருந்தவன். படையை இறக்கும் கப்பல்களில் வேலை செய்திருக்கிறேன், ஓய்வுக்குப் பிறகு குன்னூரில் வீடு பார்த்துக்கொண்டு இந்தப் போர்முறையின் வரலாற்றைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். "ஆறாயிரம் அடி உயரத்துல உக்காந்துக்கிட்டு கடல் ஆராய்ச்சியா சார்?" என்று இங்கே கேட்காத ஆள் இல்லை. ஆனால் இந்தியாவில் இதற்குக் குன்னூரைவிடப் பொருத்தமான ஊர் குறைவு. பக்கத்திலேயே வெலிங்டனில் முப்படை அதிகாரிகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரி இருக்கிறது, மெட்ராஸ் ரெஜிமென்டின் தலைமை மையமும் அங்கேதான். தரைப்படையும் கடற்படையும் ஒன்றாக யோசிக்கவில்லை என்றால் என்ன நடக்கும் என்பதுதான் என் பாடத்தில் பாதி.

முதலில் அடிப்படைச் சிக்கல். கடலில் இருக்கும்வரை கப்பலுக்குப் பலம் இருக்கிறது, பீரங்கி இருக்கிறது, நகர இடம் இருக்கிறது. கரையேறிப் பள்ளம் வெட்டி உட்கார்ந்துவிட்டால் சிப்பாய்க்கும் பலம் வந்துவிடும். நடுவில் இருக்கும் அந்தச் சில நூறு மீட்டரில் யாருக்கும் பலம் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் முப்பது கிலோ சுமையோடு நடப்பவனால் ஓட முடியாது, படுக்க முடியாது, குறிபார்த்துச் சுடவும் முடியாது. இன்னொன்று, தரையில் ஒரு படை தாக்கும்போது முழுப் பலத்தோடு தாக்கலாம். கடலிலிருந்து வரும் படை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது, முதல் படகில் வந்த முப்பது பேர்தான் முதல் நிமிடத்தில் மொத்தப் படையும். அந்த நிமிடத்திலிருந்து ஒரு பந்தயம் ஆரம்பமாகிறது: எதிரி ரயிலிலும் சாலையிலும் ஆள் கொண்டுவந்து குவிப்பான், நாம் படகு படகாகக் குவிக்க வேண்டும். யார் வேகமாகக் குவிக்கிறார்களோ அவர்கள் பக்கம் தராசு சாயும். இந்தப் போர்முறையில் நடந்த எல்லாக் கண்டுபிடிப்புகளும், எல்லாக் கோரங்களும், இந்தப் பந்தயத்தையும் அந்தச் சில நூறு மீட்டரையும் சுற்றித்தான்.

சரி, கப்பலை நேராகக் கரையிலேயே கொண்டுபோய் ஏற்றிவிட்டால் என்ன? அதற்காகவே கட்டப்பட்டதுதான் எல்எஸ்டி என்கிற தரையிறக்கும் கப்பல். தரைதட்டுவது எந்த மாலுமிக்கும் பெரிய அவமானம், விசாரணை நடக்கும், பதவி போகும். எல்எஸ்டி கேப்டனுக்கோ அதுதான் வேலையே. முன்பக்கம் லேசாகவும் பின்பக்கம் கனமாகவும் இருக்கும்படி பாலாஸ்ட் தண்ணீரை, அதாவது கப்பலைச் சமன்செய்யத் தொட்டிகளில் நிரப்பும் தண்ணீரை, மாற்றிக்கொள்வோம், கரைக்குச் சற்றுத் தொலைவிலேயே பின்நங்கூரத்தைப் போட்டுவிட்டு அதன் கம்பி வடத்தை விட்டுக்கொடுத்துக்கொண்டே மெதுவாக முன்னேறுவோம். கப்பலின் அடிவயிறு மணலைத் தொடும் கணம், கப்பலை இயக்கும் மேல்தளமான பிரிட்ஜில் நிற்பவனின் முழங்காலுக்குத்தான் முதலில் தெரியும், சத்தம் அப்புறம்தான் வரும். கீழே டாங்கி டெக்கில் ஓட்டுநர்கள் எஞ்சினை ஓடவிட்டபடி காத்திருப்பார்கள், இரும்புச் சுவருக்குள் டீசல் புகை கண்ணைக் கரிக்கும். முன்கதவுகள் திறந்து, வண்டிகள் இறங்கும் சாய்பலகையான ராம்ப் இறங்கி வெளிச்சம் உள்ளே பாயும்போதுதான் தெரியும், ராம்பின் நுனி மணலில் இருக்கிறதா தண்ணீரில் இருக்கிறதா என்று. திரும்பிப் போகும்போது அந்தப் பின்நங்கூர வடத்தை இழுத்துத்தான் கப்பல் தன்னைக் கரையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒரு கடற்கரை 50 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற சரிவில் இறங்குகிறது என்று வையுங்கள். கப்பலின் முன்பக்கம் ஒரு மீட்டர் தண்ணீருக்குள் இருந்தால், அது தண்ணீர் விளிம்பிலிருந்து 50 மீட்டர் தள்ளியே தட்டி நின்றுவிடும். அதே கரையில் கடல் மட்டம் ஒரு மீட்டர் வற்றினால் தண்ணீர் விளிம்பே 50 மீட்டர் பின்வாங்கிவிடும், வற்றம் தொடங்கிய பிறகு கரையேறிய கப்பல் அடுத்த ஏற்றம் வரை அசையாது, எதிரிக்கு அதைவிடச் சுலபமான இலக்கு கிடையாது. அதனால் ஏற்றம் வந்துகொண்டிருக்கும்போது இறங்குவதுதான் பொதுவான விதி.

ஏற்ற வற்றத்தைப் புரிந்துகொள்ள நம் ஊர்ப் பஞ்சாங்கமே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அஷ்டமியை ஒட்டி இரண்டும் குறைவு. மீனவர்களுக்கு இது நடைமுறை அறிவு. ஜூலியஸ் சீசருக்குத் தெரியாமல் போனது. கி.மு. 55-இல் அவர் பிரிட்டனில் இறங்கியபோது கப்பல்களின் அடிப்பாகம் ஆழமாக இருந்ததால் கரையை நெருங்க முடியவில்லை, கவசத்தோடு கழுத்தளவுத் தண்ணீரில் குதிக்க வீரர்கள் தயங்கினார்கள், பத்தாவது லீஜியன் என்ற ரோமானியப் படைப்பிரிவின் கொடி தாங்கி முதலில் குதித்த பிறகுதான் மற்றவர்களும் குதித்தார்கள். சில நாள் கழித்து ஒரு பௌர்ணமி இரவில் புயலும் பெரிய ஏற்றமும் சேர்ந்து வந்து அவருடைய கப்பல்களை நொறுக்கின. மத்தியதரைக் கடலில் ஏற்ற வற்றம் மிகக் குறைவு, அங்கேயே வளர்ந்த ரோமானியர்களுக்கு நிலவுக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பு அனுபவத்தில் வரவில்லை, அதைச் சீசரே எழுதி வைத்திருக்கிறார். அடுத்த ஆண்டு அவர் கட்டச் சொன்ன கப்பல்கள் உயரம் குறைந்தவை, அகலம் கூடியவை, சுமை ஏற்றவும் கரைக்கு இழுக்கவும் வசதியானவை. தரையிறக்கும் கப்பலின் வடிவத்தைப் பற்றி யோசித்த முதல் தளபதிகளில் அவரைச் சேர்ப்பேன்.

அதே பாடத்தை 2000 ஆண்டு கழித்து பசிபிக் கடலில் இன்னொரு முறை படிக்க வேண்டியிருந்தது. 1943 நவம்பர் 20, தராவா பவழத்தீவு. அமெரிக்க மரைன் படை இறங்கிய நாள் தேய்பிறையில் பாதி நிலவு, போதாததற்கு நிலவு பூமியை விட்டு மிக விலகியிருந்த சமயம், அதனால் ஏற்றம் சரியாக எழவே இல்லை. படகுகளுக்குப் பவழத் திட்டைத் தாண்ட சுமார் 4 அடி தண்ணீர் வேண்டும், இருந்தது 3 அடி. படகுகள் திட்டின் விளிம்பிலேயே நின்றுவிட, வீரர்கள் இறங்கி ஜப்பானியரின் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே ஐந்நூறு மீட்டருக்கு மேல் தண்ணீரில் நடந்தார்கள். 76 மணி நேரச் சண்டையில் சுமார் ஆயிரம் அமெரிக்கர்கள் இறந்தார்கள். ஒரு அடி தண்ணீர்! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. பாதி நிலவு என்று எல்லாருக்கும் தெரியும், தண்ணீர் குறையலாம் என்று எச்சரித்தவர்களும் இருந்தார்கள், இருந்தும் காத்திருக்க நேரமில்லை என்று முடிவெடுத்தார்கள். டிராக்டர் போலச் சங்கிலிச் சக்கரத்தில் பவழத்தின் மேல் ஏறிப் போகும் எல்விடி வண்டிகள் மட்டும் கரை சேர்ந்தன. அன்றோடு அந்த வண்டிகளின் மதிப்பு எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சின் நார்மண்டி கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய 1944 ஜூன் 6, பௌர்ணமி. இரவில் பாராசூட் படைக்கு வெளிச்சம் வேண்டும், விடியலில் கடல் வற்றியிருக்க வேண்டும், ஏனென்றால் ஜெர்மானியர்கள் கரையில் நட்டிருந்த இரும்புத் தடைகள் வற்றத்தில்தான் கண்ணுக்குத் தெரியும், அப்புறம் ஏற்றம் வந்து படகுகளைத் தூக்க வேண்டும். இது எல்லாம் ஒன்றுசேரும் நாட்கள் ஒரு மாதத்தில் மிகச் சிலவே. கொரியாவின் இன்சான் இன்னும் மோசம், அங்கே கடல் ஒன்பது மீட்டர் ஏறி இறங்கும், வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. 1950 செப்டம்பர் 15 அன்று காலை ஏற்றத்தில் ஒரு சிறு தீவைப் பிடித்தார்கள், கப்பல்கள் விலகிவிட்டன, தீவில் இறங்கியவர்கள் மாலை ஏற்றம் வரை தனியாகத் தாக்குப்பிடித்தார்கள், மாலையில் முக்கியப் படை வந்து ஏணி வைத்துக் கடல்சுவர் ஏறியது.

தண்ணீருக்கு அடுத்தது மண். 1942 ஆகஸ்ட் 19-இல் பிரான்சின் தியெப் துறைமுகத்தைத் தாக்கிய படையில் பெரும்பாலானவர்கள் கனடாக்காரர்கள். அந்தக் கரை மணல் கரையில்லை, உருண்டைக் கற்கள். டாங்கிகளின் சங்கிலிக்குள் கல் சிக்கி, பல டாங்கிகள் கடற்கரையிலேயே நின்றுபோயின. அந்த ஒரு காலையில் 900-க்கும் மேற்பட்ட கனடா வீரர்கள் இறந்தார்கள். அதனால்தான் நார்மண்டிக்கு முன்னால், 1943 டிசம்பர் 31 இரவு, இரண்டு பிரிட்டிஷ் வீரர்கள் ஜெர்மானியர் காவலிருந்த கரைக்கு நீந்திப் போய்க் குழாயால் மணலைக் குத்தியெடுத்துக்கொண்டு திரும்பினார்கள். வண்டி தாங்குமா என்று பார்க்க ஒரு பிடி மணலுக்காக உயிரைப் பணயம் வைத்திருக்கிறார்கள், இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த இருவர் அவர்கள்தான்.

இந்தியப் படைக்கும் இந்தப் பாடம் உண்டு. 1945 செப்டம்பர் 9-இல் மலாயாவின் மோரிப் கரையில் இந்தியாவிலிருந்து போன படை இறங்கியபோது வண்டிகள் சேற்றில் புதைந்தன, ஜப்பான் ஏற்கனவே சரணடைந்திருந்ததால் உயிர்கள் தப்பின. 1971 டிசம்பரில், பின்னாளில் குன்னூரிலேயே குடியேறிய மானெக்‌ஷா தரைப்படைத் தளபதியாக இருந்த வங்கதேசப் போரின் கடைசி நாட்களில், வங்கதேசக் கரையின் காக்ஸ் பஜார் அருகே கூர்க்கா வீரர்களை இறக்க நம் கடற்படைக் கப்பல்கள் போயின. கப்பல் தட்டியது கரையில் இல்லை, கரைக்கு முன்னால் இருந்த மணல் திட்டில். திட்டைத் தாண்டினால் மறுபடி ஆழம். ராம்பிலிருந்து சுமையோடு இறங்கியவர்களில் சிலர் மூழ்கி இறந்தார்கள். எதிரி ஒரு குண்டுகூடச் சுடவில்லை. மலையில் பிறந்த வீரர்கள் அவர்கள். நீலகிரிப் பையன்கள் பலரும் படையில் சேருகிறார்கள், இந்தச் சம்பவத்தைச் சொல்லி, நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் கெஞ்சாத குறையாகச் சொல்லி வருகிறேன்.

படகுகளைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் அமெரிக்க ஹிக்கின்ஸ் படகிலிருந்து ஆரம்பிப்பார்கள். ஒட்டுப்பலகையில் செய்தது, 36 பேர் ஏறலாம், முன்சுவர் அப்படியே சாய்ந்து பலகையாக விழும், 20,000-க்கும் மேல் கட்டினார்கள். முன்னால் திறக்கும் அந்த யோசனை ஜப்பானியர்களிடம் அதற்கு முன்பே இருந்தது, 1937-இல் சீனாவில் அவர்கள் பயன்படுத்திய படகுகளைப் பார்த்துத்தான் அமெரிக்கர்கள் எடுத்தார்கள். ஆனால் அலை உடையும் கரையில் ஆளையும் சுமையையும் பத்திரமாக இறக்குவது எப்படி என்பதற்கு நம் சோழமண்டலக் கரையில் அதற்கும் பல நூறு ஆண்டு முன்பே விடை இருந்தது. மசூலா படகு. ஆணி கிடையாது, பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு சென்னைக் கரையில் மோதினால் பிளந்துவிடும், தைத்த படகு அடி வாங்கும்போது நெளிந்து கொடுக்கும். துறைமுகம் கட்டும்வரை சென்னையில் கால்வைத்த கவர்னரும் சிப்பாயும் பீரங்கியும் இந்தப் படகில்தான் வந்தார்கள், கவிழ்ந்தால் தூக்க ஆட்கள் கட்டுமரத்தில் கூடவே வருவார்கள். இந்தப் படகுக்காரர்களின் திறமைக்கு ராணுவ வரலாற்றுப் புத்தகங்களில் உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

ராஜேந்திர சோழனைக் கேட்பீர்கள், தெரியும். 1025-இன் படையெடுப்பைத் தஞ்சைக் கல்வெட்டு "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்று தொடங்கி வரிசையாகப் பன்னிரண்டு பதின்மூன்று இடங்களைச் சொல்கிறது, கடாரம், ஸ்ரீவிசயம், மாநக்கவாரம் என்று. அதில் "ஆழ்கடல் அகழ்சூழ் மாயிருடிங்கமும்" என்று ஒரு தொடர் வரும், ஆழ்கடலையே அகழியாகக் கொண்ட ஊர். இதை வெறும் கடற்போர் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. கடலே அகழியாக இருக்கும் ஊரைப் பிடிக்க வேண்டுமென்றால் கடலிலிருந்து இறங்கித்தான் ஆக வேண்டும், அதையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கரைகளில். அது ஒரு தரையிறக்கத் தொடர்.

அப்புறம் சுமையேற்றம். யாரும் கவனிக்காத விஷயம், பல படைகளை அழித்த விஷயம். கேத்தியிலிருந்து கேரட் ஏற்றும் வண்டி குன்னூர், மேட்டுப்பாளையம், கோவை என்று மூன்று இடத்தில் இறக்க வேண்டுமானால் கோவை மூட்டையை முதலில் ஏற்றிக் குன்னூர் மூட்டையைக் கடைசியாகக் கதவோரம் வைப்பார்கள். போர்க்கப்பலிலும் அதே கணக்குதான், கரையில் முதலில் தேவைப்படுவது கடைசியாக ஏற வேண்டும். 1915-இல் துருக்கியின் கலிப்பொலிக்குப் போன பிரிட்டிஷ் படை இடம் மிச்சமாக வேண்டும் என்று மட்டும் பார்த்து ஏற்றியதால், துப்பாக்கி ஒரு கப்பலில் தோட்டா இன்னொரு கப்பலில் என்று கிடந்தது. எல்லாவற்றையும் அலெக்சாண்ட்ரியாவுக்குத் திருப்பிக் கொண்டுபோய் இறக்கி மறுபடி ஏற்றினார்கள். அதற்குள் வாரக்கணக்கில் நேரம் போனது, துருக்கியர்கள் பள்ளம் வெட்டி முள்கம்பி கட்டிவிட்டார்கள். ஏப்ரல் 25-இல் இறங்கியவர்கள் கரையிலேயே கொத்துக்கொத்தாக விழுந்தது ஊரறிந்த கதை. இந்திய வீரர்களும் அங்கே போரிட்டார்கள். மொத்தப் படையெடுப்பிலும் சிறப்பாக நடந்தது கடைசியில் படையை ஓசையில்லாமல் திரும்ப ஏற்றிக்கொண்டு போனதுதான், அதில் இழப்பு மிகச் சொற்பம்.

நான் இப்போது அதிகம் நேரம் செலவிடுவது அதற்குச் சில மாதம் முன்னால் நடந்த தாங்காவில். இன்றைய தான்சானியா, அன்று ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா. 1914 நவம்பர் 2, பம்பாயிலிருந்து வந்த சுமார் 8,000 பேர் கொண்ட படை அந்தச் சிறு துறைமுகத்தின் முன்னால் நின்றது. அதில் 63-ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படையும் ஒன்று, சென்னை மாகாணத்தில் ஆள் எடுத்த படை. இறங்குவதற்கு முன்னால் கடற்படை அதிகாரி ஒருவர் ஊருக்குள் போய், ஏற்கனவே பேசிவைத்திருந்த சமாதான ஏற்பாடு இனி செல்லாது என்று ஜெர்மானியரிடம் முறையாக அறிவித்தார்! அந்த நேரம் போதும், ஜெர்மானியர்கள் உள்நாட்டிலிருந்து ரயிலில் படையைக் கொண்டுவந்துவிட்டார்கள். முதலில் சொன்ன பந்தயம் நினைவிருக்கிறதா, இங்கே அது தொடங்கும் முன்பே தோற்றாகிவிட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் கப்பலில் அடைபட்டுக் கிடந்த சிப்பாய்களைச் சதுப்பு மரங்களுக்கு நடுவே இரவில் இறக்கினார்கள், உளவு பார்க்கவில்லை, கப்பல் பீரங்கிக்கும் தரைப்படைக்கும் ஒழுங்கான தொடர்பு இல்லை. நவம்பர் 4-இல் சண்டை நடுவே மரங்களில் இருந்த தேனீக் கூடுகள் கலைந்து இரு தரப்பையும் கொட்டின, அந்தச் சண்டைக்கு அப்படியே பெயரும் நிலைத்துவிட்டது. சுமார் எட்டில் ஒரு பங்கே இருந்த எதிரியிடம் தோற்று, இயந்திரத் துப்பாக்கிகளையும் லட்சக்கணக்கான தோட்டாக்களையும் கரையிலேயே விட்டுவிட்டு மறுநாள் கப்பலேறினார்கள்.

பழி யார் மேல் விழுந்தது? ஓடிவிட்டார்கள் என்று இந்தியச் சிப்பாய்கள் மேல். இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. முடிவுகள் எல்லாம் மேலே எடுக்கப்பட்டவை: எங்கே இறங்குவது, எப்போது இறங்குவது, எதிரிக்கு முன்கூட்டியே சொல்வதா. தரைப்படைத் தளபதி ஒருபக்கம், கடற்படை அதிகாரி ஒருபக்கம், இரண்டு பேருக்கும் மேலே அந்த இடத்தில் பொறுப்பானவர் யாரும் இல்லை. பின்னால் வந்த நடைமுறை இதைச் சரிசெய்தது. கரையில் படை நிலைகொள்ளும்வரை கடற்படைத் தளபதி கையில் பொறுப்பு, நிலைகொண்டதும் தரைப்படைத் தளபதிக்கு மாறும், எந்தக் கணத்தில் மாறும் என்பதும் திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கும். வெலிங்டனில் இன்று படிக்கும் இளம் அதிகாரிகள் மூன்று நிறச் சீருடையில் ஒரே மேசையைச் சுற்றி உட்காருவது இந்த மாதிரிப் பாடங்களுக்குப் பிறகுதான் சாத்தியமானது.

ஏவுகணையும் டிரோனும் வந்த பிறகு இதெல்லாம் இன்னும் நடக்குமா என்று கேட்கிறார்கள். தராவா போல நேருக்கு நேர் மோதி இறங்குவது மிகக் கடினமாகிவிட்டது, உண்மை. ஆனால் ஹெலிகாப்டரும் ஹோவர்கிராஃப்டும் வந்த பிறகு எதிரி இல்லாத கரையாகத் தேர்ந்து இறங்க முடிகிறது. 1982-இல் அர்ஜென்டினா பிடித்திருந்த பாக்லாந்து தீவில் பிரிட்டன் அப்படித்தான், எதிர்ப்பு குறைவான சான் கார்லோஸ் கரையில் இறங்கியது. அடுத்த சில நாளில் சினூக் ஹெலிகாப்டர்களைச் சுமந்து வந்த கப்பல் ஏவுகணையில் எரிந்துபோக, வீரர்கள் மூட்டை முடிச்சோடு தீவைக் குறுக்கே நடந்தே கடந்தார்கள். கரையில் இறங்கியதோடு வேலை முடிவதில்லை.

போர் இல்லாத காலத்தில் இந்தக் கப்பல்கள் சும்மா நிற்பதும் இல்லை. 2007-இல் நம் கடற்படையில் சேர்ந்த ஐஎன்எஸ் ஜலாஷ்வா, பின்பகுதியைத் தாழ்த்தி உள்ளே தண்ணீர் விட்டுத் தன் வயிற்றிலிருந்தே படகுகளை மிதக்கவிடும் கப்பல், சுமார் ஆயிரம் வீரர்களை ஏற்றலாம். படையை இறக்குவதற்காகக் கட்டிய அந்த இடமெல்லாம் 2020-இல் கொரோனாவின்போது வேறு விதமாகப் பயன்பட்டது. ஈரானில் மாட்டிக்கொண்டிருந்த 687 பேரை, அதில் நம் தமிழக மீனவர்கள் நிறையப் பேர், பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில் ஏற்றிக்கொண்டு ஜூலை 1 அன்று தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது.